பெருவிரலை மடக்குவது பெருவிரல் அல்ல

வேலி அடைக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வீட்டு வளவுக்குள்ளே நிற்பார், மற்றவர் வெளியே ஒழுங்கைத் தெருவில் நிற்பார். உள்ளே நிற்பவர் முழ நீளமான இரும்புக் குத்தூசியில் கயிற்றைக் கோத்து ஓலைக்குள்ளால் வெளியே தள்ளுவார். வெளியே நிற்பவர் கயிற்றை வாங்கி, வேலிக்கு நட்ட கதியால் மரத்தைச் சுற்றித் திரும்ப உள்ளே அனுப்புவார். நடுவில் பனையோலை இருப்பதால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. ஆகவே இதற்கு ஒரே ஒரு விதிதான் உண்டு. வெளியே நிற்பவர் கையை எடுத்துவிட்டுக் "குத்து" என்று சொல்லும்வரை உள்ளே நிற்பவர் குத்தக்கூடாது. எங்கள் ஊர் சரவணையில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் என் மனைவியின் கையில் குத்தினேன்.

மாசியில் அடைக்க வேண்டிய வேலியை வைகாசி வரைக்கும் இழுத்தடித்ததும் நான்தான். மகன் வெளிநாட்டிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில், "அப்பா, ஒரு மதிலைக் கட்டுங்கோவன், காசு அனுப்பிறன்" என்பான். "வளவுக்கை இவ்வளவு பனை நிக்கேக்கை மதில் என்னத்துக்கடா" என்று நான் வீறாப்பாகச் சொல்வேன். சொல்லிவிட்டு ஓலையை வெட்டிப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுவேன். அப்படி இருந்ததில் சோளகக் காற்றுப் பிடித்துவிட்டது. காற்று அடிக்க அடிக்க, கட்டாத ஓலை வெளிப்பக்கம் வயிறு தள்ளியது. அவள் ஒழுங்கையில் நின்று அந்த வயிற்றைத் தன் முன்கையால் அமத்திப் பிடித்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் குத்தூசியின் கூர்தான். முதல்நாள்தான் உழவு இயந்திரம் திருத்தும் இடத்தில் அதன் நுனியைத் தட்டையாக்கி, கத்தி மாதிரித் தீட்டி வாங்கி வந்திருந்தேன். வெண்ணெய்க்குள் போவது போல ஓலைக்குள் போனது. அந்தச் சந்தோசப் புளுகத்தில் அவள் சொல்லும்வரை பொறுக்கவில்லை.

வெளியே "ஸ்" என்று ஒரு சத்தம் கேட்டது. படலையைத் திறந்துகொண்டு ஓடினேன். வலக்கை மணிக்கட்டுக்குச் சற்று மேலே, பெருவிரல் பக்கமாக, ஒரு பயறு அளவில் காயம். இரத்தம் பெரிதாக இல்லை.

என் மனைவி குடும்பநல உத்தியோகத்தர். ஊருக்கு அவள் மிட்வைஃப் அக்கா. சரவணையிலும் பக்கத்துக் கிராமங்களிலும் பிறக்கும் பிள்ளைகளை வீடு வீடாகப் போய் நிறுத்து, தாய்க்குப் பால் கொடுக்கக் காட்டிக்கொடுத்து, மாதத்துக்கு மாதம் கிளினிக்கில் தடுப்பூசி போடுகிறவள். இருபது வருடங்களுக்கு மேலாகப் போடுகிறாள். இன்று வேலணைச் சந்தியில் மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு திரிகிற இளந்தாரிகள் பலர், அவளைக் கண்டால் தொடையைத் தடவுவார்கள்.

அப்படிப்பட்டவள் தன் காயத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள், துணி வைத்துக் கட்டினாள். "ஏற்பு வராமல் முந்தியே ஊசி போட்டிருக்கிறன். ஒண்டுமில்லை. வாங்கோ, மிச்சத்தைக் கட்டுவம்" என்றாள். மிச்சத்தையும் கட்டினோம். பின்னேரம் தேத்தண்ணியை வைத்துக்கொண்டு ஒழுங்கையில் நின்று, என்ன வடிவான வேலி என்று நான் என்னையே மெச்சியதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மூன்று வாரம் போனது. காயம் ஆறி, ஒரு சின்னக் கோடாகிவிட்டது. ஒருநாள் காலை அவள் வேலைக்குப் புறப்படும்போது நான் கிணற்றடியில் நின்றேன். ஸ்கூட்டரில் ஏறி இருந்தவள், சாவியைச் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகித் திருப்பினாள். சுருட்டுப் பிடிக்கிற மாதிரிப் பிடித்திருந்தாள். நான் வாளியை வைத்துவிட்டுக் கிட்டப் போனேன்.

"ஏன் உப்பிடித் திருப்புறீர்?"

"சும்மா."

"பெருவிரலாலை பிடிச்சுத் திருப்பும், பாப்பம்."

அவள் பிடித்தாள். பெருவிரலின் நுனி மடங்கவில்லை. குச்சி போல நேரே நின்றது. சாவி நழுவி மணலில் விழுந்தது.

"எத்தினை நாளா?"

"வேலி அடைச்ச அண்டையிலையிருந்து."

வீக்கத்தால் வந்த விறைப்பு, வீக்கம் வற்றச் சரியாகிவிடும் என்று முதலில் நினைத்திருக்கிறாள். வீக்கம் வற்றியும் விரல் மடங்கவில்லை. கிளினிக்கில் ஊசியின் அடியை உள்ளங்கையால் தள்ளிப் பார்த்திருக்கிறாள். ஒரு பிள்ளைக்கு ஊசி ஆடிவிட்டதாம். அன்றைக்கே கூட வேலை செய்கிற மற்றவரைப் போடச் சொல்லிவிட்டுத் தான் பதிவுக் கொப்பி எழுத இருந்துவிட்டாள். "ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். "சொன்னா நீங்கள் உடைஞ்சு போவியள்" என்றாள். அவளுடைய விரல் போன துக்கத்திலும் என்னைத்தான் பார்த்திருக்கிறாள். நான் அந்த இடத்திலேயே உடைந்தேன். பிறகு அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணத்துக்கு ஸ்கூட்டரை விட்டேன்.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த டொக்டருக்கு எங்கள் மகனின் வயதுதான் இருக்கும். கை அறுவைக்கென்றே படித்த பிள்ளை. பெருவிரலின் நடு மூட்டைப் பிடித்துக்கொண்டு, "நுனியை மட்டும் மடக்குங்கோ அக்கா" என்றார். மடங்கவில்லை. நான் குறுக்கே விழுந்து, "நரம்பு அறுந்துபோச்சோ டொக்டர்?" என்றேன். எங்கள் ஊரில் தோலுக்குக் கீழே நீளமாக எது இருந்தாலும் நரம்புதான். இரத்தம் ஓடுவதும் நரம்பு, இழுபடுவதும் நரம்பு, கோபம் வந்தால் புடைப்பதும் நரம்பு.

அவர் சிரிக்காமல் ஒரு பேனாவை எடுத்து அவளுடைய முன்கையில் கோடு போடத் தொடங்கினார். அந்தக் கோடுகள்தான் என்னைப் பைத்தியமாக்கின.

"விரலை மடக்கிற தசை விரலுக்கை இல்லை ஐயா. அது இஞ்சை இருக்கு" என்று முன்கையின் மேற்பாதியைத் தொட்டுக் காட்டினார். "தசை மேலை இருந்து இழுக்கும். கீழை விரல் நுனிவரைக்கும் போறது கயிறு. அதுக்குப் பேர் தசைநாண். மணிக்கட்டுக்குள்ளாலை இப்பிடி ஒன்பது கயிறு போகுது. பெருவிரலுக்கு ஒண்டு, மற்ற நாலு விரலுக்கும் இரண்டிரண்டு. உங்கட ஊசி அந்த ஒண்டை அறுத்துப்போட்டுது."

நான் என் இடக்கையால் என் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை ஆட்டினேன். உள்ளே ஏதோ ஓடியது! சுட்டுவிரலை மடக்க ஓரிடத்திலும், சின்னவிரலை மடக்க வேறோரிடத்திலும் துடித்தது. ஐம்பத்தெட்டு வயதுவரைக்கும் இந்தக் கையால் மண்வெட்டி பிடித்திருக்கிறேன், மாடு கறந்திருக்கிறேன், வெங்காயம் நட்டிருக்கிறேன். விரல்தான் வேலை செய்கிறது என்றே நினைத்திருந்தேன். விரல் வெறும் கூலியாள், முதலாளி முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. வந்த காரியத்தை மறந்து நான் வாங்கிலில் இருந்து விரலை ஆட்டிக்கொண்டிருந்தேன். மனைவி முழங்கையால் இடித்தாள்.

டொக்டர் மேலும் சொன்னார். குத்தூசி இந்தப் பக்கம் கொஞ்சம் விலகியிருந்தால் நாடி பார்க்கும் இரத்தக்குழாயில் போயிருக்கும், அந்தப் பக்கம் விலகியிருந்தால் உண்மையான நரம்பில் போயிருக்கும், விரல்கள் மரத்திருக்கும். தப்பியது தம்பிரான் புண்ணியம். ஆனால் வந்தது பிந்திவிட்டது. அறுந்த நாணின் மேல்முனையைத் தசை மேலே இழுத்துவிட்டது. "பாவாடை நாடா அறுந்து உள்ளுக்கை போனா என்ன செய்வியள் அக்கா? அப்பிடித்தான். இனி இரண்டு முனையையும் இழுத்துக் கட்ட ஏலாது. நடுவிலை வேறை ஒரு துண்டு வைச்சுத் தைக்கோணும்."

அந்தத் துண்டை எங்கே எடுப்பது? அதற்கும் கையிலேயே ஒரு உதிரி நாண் உண்டாம். பெருவிரலையும் சின்னவிரலையும் நுனி சேர்த்துப் பிடித்து மணிக்கட்டை உள்ளே வளைத்தால், நடுவில் ஒரு கயிறு எழும்பி நிற்கும். அதை எடுத்தாலும் கைக்குப் பெரிய குறை வராது. ஆனால் சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது. மனைவி வலக்கையை வளைத்தாள். ஒன்றும் எழும்பவில்லை. இடக்கையை வளைத்தாள். அதிலும் மொழுமொழுவென்று வெறுந்தோல்.

நான் என் கைகளை வளைத்தேன். இரண்டிலும் கொடிக்கயிறு மாதிரிப் புடைத்து நின்றது.

"டொக்டர், என்ரையை எடுங்கோ" என்றேன். "இரண்டையும் எடுங்கோ. எனக்குத் தேவையில்லை."

அவர் இந்தமுறை சிரித்தார். ஒருவருடையதை மற்றவருக்கு வைத்தால் உடம்பு ஏற்றுக்கொள்ளாது, அவளுடைய உடம்பிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றார். கெண்டைக்காலுக்குள்ளே மெல்லிய நீளமான நாண் ஒன்று உண்டு, அதை எடுக்கலாம், அதுவும் சிலருக்கு இருக்காது, திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார். எனக்கு அழுகை வந்தது. எனக்கு வேலையில்லாமல் இரண்டு கையிலும் கிடக்கிறது. குத்து வாங்கியவளுக்கு ஒன்றுகூட இல்லை.

மனைவியின் மேலதிகாரி நல்ல மனுசன். மருத்துவ விடுப்புக் கொடுத்தார். விடுப்பு முடியும்போது வலக்கையால் நிதானமாக ஊசி போட முடிந்தால் அதே கிளினிக், முடியாவிட்டால் யாழ்ப்பாணத்து அலுவலகத்தில் எழுத்து வேலை என்றார். சம்பளம் ஒன்றுதான். வெயிலில் அலையத் தேவையில்லை. வேறு யாருக்காவது சொன்னால் கும்பிட்டு வாங்குவார்கள். இவள் அன்று இரவு சாப்பிடவில்லை. "பிள்ளையளைத் தொடாமல் நான் அங்கை போய்க் கதிரையிலை இருந்து என்ன செய்யிறது?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். என் நெஞ்சில் குத்தூசி இறங்கியது.

சத்திரசிகிச்சைக்கு எட்டு நாள் இருந்தது. அந்த எட்டு நாளும் எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. பயம் பாதி, ஆசை பாதி. கையைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோழி வாங்கியபோது காலையும் கேட்டு வாங்கினேன். குசினியில் வைத்து வெட்டுவாயில் தேடிப் பார்த்தால், வெள்ளையாக மினுங்கிக்கொண்டு நாண் நாணாக இருந்தது. ஒன்றைப் பிடித்து இழுத்தேன். செத்த கோழியின் கால் என் விரலை இறுக்கிப் பிடித்தது!

"இஞ்சை ஓடி வாரும்" என்று கத்தினேன். பாம்பைக் கண்டுவிட்டேனோ என்று அவள் ஓடிவந்தாள். விட்டேன், விரிந்தது. இழுத்தேன், பொத்தியது. விபத்து நடந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு தானும் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பெருவிரலை விட்டுவிட்டு மற்ற விரல்களால் இழுத்தாள்.

அந்தக் கிழமைக்குள் நயினாதீவு அம்மனிடம் போய்வர வேண்டும் என்றாள். குறிகாட்டுவான் துறையில் வள்ளம் ஏறினோம். வள்ளம் நிறையச் சனம், பாதிப்பேர் அங்கேயுள்ள புத்த விகாரைக்குப் போகும் தென்பகுதி யாத்திரிகர்கள். என் தகப்பனுக்கு முந்தித் தெற்கில் கடை இருந்ததால் எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். என்னால் அடக்க முடியவில்லை. "ஐயா, பெருவிரலையும் சின்னவிரலையும் சேருங்கோ, பாப்பம்" என்றேன். அவருக்கு எழும்பியது. அவருடைய மனைவிக்கு ஒரு கையில் மட்டும் எழும்பியது. முன்னால் இருந்தவர்கள் திரும்பினார்கள். தமிழிலும் சிங்களத்திலும் நான் மாறிமாறி விளங்கப்படுத்த, கடல் நடுவில் அந்த வள்ளத்தில் இருந்த அவ்வளவு பேரும் விரலைச் சேர்த்து மணிக்கட்டை வளைத்துக்கொண்டு நின்றார்கள். நாண் இருந்தவர்கள் பெருமைப்பட்டார்கள். இல்லாதவர்கள் கலங்கினார்கள், அவர்களுக்கு "உங்களுக்கு ஒரு குறையுமில்லை" என்று தைரியம் சொன்னேன். வள்ளக்காரரும் ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை வளைத்துப் பார்த்தார்.

மனைவிக்கு வெட்கம். "அம்மனிட்டைப் போற வழியிலை உங்கட கூத்து" என்றாள். ஆனால் ஒரு சிறு பெண்பிள்ளை தன் கையை நீட்டி, "எனக்கு இல்லை" என்று அழப் பார்த்தபோது, இவள்தான் தன் கையை அதன் கையோடு சேர்த்துப் பிடித்து, "எனக்கும் இல்லை, பார்" என்றாள்.

சத்திரசிகிச்சை நாளன்று வெளியே இருந்த எனக்கு ஒரே ஒரு கேள்விதான். காலில் அந்த நாண் இருக்குமா? தேத்தண்ணி குடிக்கவும் மனமில்லை. கடைசியில் டொக்டர் முகமூடியைக் கழற்றிக்கொண்டு வந்தார். "இருந்தது ஐயா. நல்ல நீளம்" என்றார். நான் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். பிறகு பயந்துபோய் விட்டுவிட்டேன். எத்தனை பேருக்குத் தைக்க வேண்டிய கைகள், நான் முரட்டுத்தனமாகப் பிடிக்கலாமா?

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நீளமானவை. மணிக்கட்டையும் பெருவிரலையும் உள்ளே மடித்து மாக்கட்டுப் போட்டிருந்தார்கள். கட்டு இருக்கும்வரை சமையல், உடுப்புத் தோய்ப்பு, அவளுக்குத் தலை இழுப்பு எல்லாம் நான்தான். என் தலைப்பின்னலைக் கண்ட அயலட்டைச் சனம் சிரித்தது. சிரிக்கட்டும். கட்டு அவிழ்த்த பிறகு பயிற்சி. ஒருவர் பெருவிரலின் நடு மூட்டை அசையாமல் பிடிக்க வேண்டும், அவள் நுனியை மட்டும் மடக்கப் பார்க்க வேண்டும். அவசரப்படக்கூடாது, வேகமாக இழுத்தால் தையல் விட்டுவிடும். அவசரப்படாமல் பிடிக்கும் வேலையை டொக்டர் என்னிடம்தான் தந்தார். ஆள் பார்த்துத்தான் தந்தாரோ தெரியாது.

காலையும் மாலையும் பத்துப் பத்துத் தடவை. நான் பிடிப்பேன், அவள் கண்ணை மூடிக்கொண்டு முயல்வாள். "மடக்கிறன்" என்று அவள் சொல்லும்வரை நான் மூச்சுக்கூட விடமாட்டேன். நாட்கணக்காக ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் காலை, அவள் சொன்ன அந்தக் கணத்தில், என் விரலுக்குக் கீழே, மணிக்கட்டின் தழும்புக்குப் பக்கத்தில் ஏதோ நூலாக ஓடியது. நான் நகத்தைப் பார்த்தேன். ஒரு நெல்மணி அகலத்துக்கு நகம் குனிந்திருந்தது.

"அசைஞ்சது" என்றேன்.

"பொய் சொல்லாதேங்கோ."

"அம்மனாணை. கண்ணைத் திறந்துகொண்டு திருப்பி மடக்கும்."

மடக்கினாள். நகம் குனிந்தது. அவளும் கண்டாள். கெண்டைக்காலில் சும்மா கிடந்த ஒரு கயிறு, கைக்கு வந்து, இரண்டு பக்கமும் ஒட்டி, முழங்கையடித் தசை இழுக்க விரல் நுனியை மடக்குகிறது! எனக்குத் துள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் அவளுடைய விரல் என் கைக்குள் இருந்தது. அதனால் ஆடாமல் அசையாமல் இருந்துகொண்டு அழுதேன்.

நெல்மணி அகலம் மெல்ல மெல்லப் பயறு அகலமானது. பிறகு அவள் உடுப்புக் கவ்வியை அழுத்தினாள். பிறகு முட்டைக்கோது உரித்தாள். ஆனால் ஊசி வேறு விசயம். பால்குடிப் பிள்ளையின் தொடையில் ஊசி ஆடாமல் நிற்க வேண்டும், அதே நேரத்தில் பெருவிரல் மருந்தைச் சீராகத் தள்ள வேண்டும். வெறும் ஊசியில் தண்ணீர் ஏற்றி வாழைத்தண்டில் போட்டுப் பழகினாள். சில நாள் சரியாக வரும், சில நாள் பாதியில் விரல் ஓய்ந்துவிடும். இடக்கையாலும் போட்டுப் பழகினாள். அது நன்றாகவே வந்தது. ஆனால் மேலதிகாரி வலக்கை என்றுதான் சொல்லியிருந்தார்.

ஐப்பசிக் கிளினிக் நாள் வந்தது. அதோடு விடுப்பும் முடிந்தது. மேலதிகாரியும் வந்து உள்ளே இருந்தார். ஊர் மண்டபத்து வாசலில் தாய்மாருடைய செருப்புகள் குவிந்து கிடந்தன, மழை தூறியது. சாப்பாட்டை மறந்துவிட்டாள் என்று சொல்லிக்கொண்டு நானும் போனேன். அவள் மறக்கவில்லை, நான்தான் பையிலிருந்து எடுத்து வைத்திருந்தேன். கிளினிக் ஆட்களைத் தவிர ஆம்பிளைகள் உள்ளே போவதில்லை என்பதால் தாழ்வாரத்தில் நின்றேன். யன்னலில் திரை போட்டிருந்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. பிள்ளை நிறுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அமைதி.

அந்த அமைதி நீண்டது. நான் வாசல் செருப்புகளை எண்ணினேன்.

பிறகு ஒரு பிள்ளை வீரிட்டுக் கத்தியது. மண்டபம் அதிரக் கத்தியது. நான் என்னையறியாமல் பலமாகச் சிரித்துவிட்டேன். தாழ்வாரத்தில் பிள்ளையோடு நின்ற ஒரு இளம் தாய் என்னை முறைத்துப் பார்த்தாள். "பிள்ளை உந்த அழுகை அழுது, நீங்கள் சிரிக்கிறியள்" என்றாள். அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் உடனே எனக்கு வேறொரு சந்தேகம் வந்து சிரிப்பு நின்றுவிட்டது. இடக்கையாலும் ஊசி போட்டால் பிள்ளை அப்படித்தானே அழும்?

அழுத பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு தாய் வெளியே வந்தாள். நான் வழியை மறித்தேன்.

"தங்கச்சி, அக்கா எந்தக் கையாலை போட்டவ?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். யோசித்தாள். பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிவிட்டுத் தன் கையை எடுத்துத் தானே ஊசி போடுகிற மாதிரி காற்றில் பிடித்துப் பார்த்தாள். அது வலக்கை.

"உந்தக் கையாலைதான்" என்றாள். "ஏன் அண்ணை?"

சாப்பாட்டுப் பொதியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அந்தச் செருப்புகளுக்கு நடுவில் குந்திவிட்டேன். உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் கேட்டது.

"அடுத்த பிள்ளையைக் கொண்டாங்கோ."